‘என் சத்தத்தைக் கூட்டுங்கள்’



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் நின்று உங்களை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் பல ஆண்டுகளாக அமர்ந்துவரும் ஒரு தாயார் என் கையைப் பற்றிக்கொண்டு, “ஐயா, சத்தம் நல்லாக் கேக்குது. வார்த்தைதான் கேக்கல” என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. தம் செவியில்தான் பழுது என்று எண்ணி, வெட்கத்தோடு சொன்னார். அன்று மாலையே கமிட்டியின் விண்ணப்பம் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஆலயத்தில் ஒலி போதவில்லை, ஆகையால் இப்போது உள்ளவற்றைவிடப் பெரிய ஒலிபெருக்கிகள் வாங்கச் சிறப்புக் காணிக்கை திரட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதில் கையொப்பமிட்ட அனைவரும் சபையை நேசிக்கிறவர்கள். ஆயினும் அந்த விண்ணப்பத்தை நான் எதிர்க்கிறேன். அதற்கான காரணத்தை மூடிய அறைக்குள் சொல்வதைவிடச் சபையார் அனைவரும் அறியச் சொல்வதே முறை என்பதால், இவ்வாரத் தியானத்தின் இடத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன். இயந்திரப் பேச்சு சற்று அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பாடற்பயிற்சியின்போது, ஆலயத்தின் பின்புறத்தில் மிக்சர் முன் அமரும் தம்பியின் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் அவ்விடத்தில் நான் அமர்ந்தது அதுவே முதல்முறை; அதை ஒப்புக்கொள்ள எனக்கு நாணமாகவே இருக்கிறது. நம்மிடம் இருப்பது பெரிங்கர் நிறுவனத்தின் எக்ஸ்32 என்னும் டிஜிட்டல் மிக்சர். முப்பத்திரண்டு மைக்குகளை ஏற்கும். பதினாறு கலவை வழிகளை உடையது. ஒரே அடுக்களையில் வாங்கி வைத்த ஒரே அரிசி பருப்பைக்கொண்டு பதினாறு சட்டிகளில் பதினாறு சுவையில் சமைப்பதற்கு ஒப்பானது இது. கீபோர்டு வாசிப்பவருக்கு ஒரு சட்டி, கிட்டார் வாசிப்பவருக்கு ஒரு சட்டி, பாடகர் குழுவுக்கு ஒரு சட்டி என்று ஒவ்வொருவருக்கும் எதிரே உள்ள மானிட்டர் பெட்டிக்கு வெவ்வேறு கலவையை அனுப்பலாம். சபையார் கேட்பது இவற்றுக்கெல்லாம் புறம்பான இன்னொரு கலவை.

பயிற்சி தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். கீபோர்டு வாசிப்பவர் கையை மேலே உயர்த்திக் காட்டினார். தம் ஒலி தமக்குக் கேட்கவில்லை என்பது பொருள். தம்பி கூட்டினார். உடனே கிட்டார்காரருக்குத் தம் ஒலி மறைந்துபோயிற்று. அவரும் கையை உயர்த்தினார். அதன்பின் பாடகர்கள். அதன்பின் ரிதம் பேட் வாசிப்பவர். பின்பு மீண்டும் கீபோர்டு. “என் சத்தத்தைக் கூட்டுங்கள்” என்று கேட்டவர்களை எண்ணிக்கொண்டே வந்த நான், ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். “மற்றவருடையதைக் குறையுங்கள், எனக்குப் போதுமானது கேட்கிறது” என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. பிரியமானவர்களே, நம் நோய் இதுவே. பெரிய ஒலிபெருக்கி இதற்கு மருந்தாகாது.

மேடை மானிட்டர்கள் வாத்தியக்காரரை நோக்கித் திரும்பியிருந்தாலும், அவற்றின் ஒலி மேடையோடு நின்றுவிடுவதில்லை. பீடத்துக்குப் பின்னுள்ள சுவரில் மோதிச் சபையை நோக்கித் திரும்புகிறது. தாழ்ந்த ஓசைகள் எத்திசைக்கும் பரவுகின்றன. அவ்வாறு வரும் தெளிவற்ற இரைச்சலுக்கு மேலாகப் பாட்டின் சொற்கள் கேட்க வேண்டுமானால், சபைக்கான ஒலிபெருக்கிகளை அதற்கும் மேலே உயர்த்த வேண்டும். அவை உயர்ந்ததும் மேடையில் நிற்பவர்க்குத் தம் மானிட்டர் போதாமற் போகிறது. மறுபடியும் கைகள் உயர்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்: சுற்றிலும் இரைச்சல் மிகும்போது, மனிதன் தன்னையறியாமலேயே குரலை உயர்த்துகிறான். நம் மேடையில் ஞாயிறுதோறும் நடப்பது அதுதான். ஒருவரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் அனைவரும் செய்கிறோம். இந்த ஏணியின் கீழே பெரிய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தால், ஏணியில் இன்னும் இரண்டு படிகள் கூடும், அவ்வளவுதான்.

இதில் முதலில் தோற்பது யாருடைய குரல் என்று சிந்தித்திருக்கிறீர்களா? உங்களுடையது. மேடையிலிருந்து வரும் ஒலி, பக்கத்தில் இருப்பவரின் குரலை மூடிவிட்டால் மனிதர் பாடுவதை நிறுத்திவிடுகிறார். தம் குரல் தமக்கே கேட்காதபோது பாடுவது வீண் உழைப்பாகத் தோன்றும். உதடுகள் சற்று நேரம் அசையும். பின்பு அதுவும் ஓயும். கடந்த திருவிருந்து ஆராதனையில் நான் பீடத்திலிருந்து பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கூட்டத்தில் பாதிப்பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் கடிந்துகொள்ளும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. உங்களைப் பார்வையாளராக்கியது நாங்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் நமக்கு விட்டுச்சென்ற கீர்த்தனைகளின் அமைப்பைப் பாருங்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்பி வருகிறது. எழுத்தறியாதவரும் இரண்டாம் முறை கேட்கும்போதே சேர்ந்து பாடிவிடக்கூடிய வடிவம் அது. பாட்டை எடுத்துக்கொடுப்பவர் சபையின் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும்படி அது இயற்றப்படவில்லை.

“அப்படியானால் மிக்சரையும் மைக்கையும் தூக்கி எறிந்துவிடலாமே, நம் தாத்தாமார் இவை இல்லாமல் ஆராதிக்கவில்லையா?” என்று மூத்தவர் சிலர் கேட்பது என் செவியில் விழுகிறது. அவர்களோடும் நான் உடன்படவில்லை. சித்திரை மாதத்து வெயிலில் அத்தனை மின்விசிறிகளும் சுழலும்போது, மைக் இல்லாமல் நான் வாசிக்கும் வேதபாடம் நான்காம் வரிசையைத் தாண்டாது. செவி மங்கியவர்களை வெளியே தள்ளிவிட்டு நாம் எளிமை பாராட்ட முடியாது. நமக்கு அளிக்கப்பட்ட கருவியை அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே என் வாதம். நம் கருவியில் பழுதில்லை. அதை நாம் அமைத்திருந்த விதத்தில்தான் பழுது இருந்தது. வியாழன் இரவு அதைக் கண்டு நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒவ்வொரு மைக்கின் ஒலியும் ஃபேடர் என்னும் நெம்புகோலைக் கடந்து சபைக்குச் செல்கிறது. மானிட்டருக்கான பங்கை அந்த ஃபேடருக்கு முன்பே பிரித்தெடுக்கலாம்; கடந்த பின்பும் பிரித்தெடுக்கலாம். மானிட்டருக்கு முன்பே எடுப்பதுதான் வழக்கம். அப்போதுதான் சபைக்காகத் தம்பி ஒரு குரலை ஏற்றினாலும் இறக்கினாலும் மேடையில் உள்ளவர் கேட்பது மாறாது. எக்கோ, ரிவெர்ப் போன்ற எஃபெக்ட்டுகளுக்கோ ஃபேடரைக் கடந்த பின்பே எடுக்க வேண்டும். குரல் இறங்கும்போது அதன் எதிரொலியும் கூடவே இறங்க வேண்டும் அல்லவா? நம்முடைய மிக்சரில் இவ்விரண்டும் தலைகீழாய் இருந்தன. எப்போது, யார் அப்படி மாற்றினார்கள் என்று நான் ஆராயப்போவதில்லை. சபைக்காகப் பாடகியின் குரலை உயர்த்தியபோதெல்லாம் மேடை மானிட்டரும் உயர்ந்து விசிலடித்ததன் காரணம் அதுவே. ஜெபம் முடிந்து என் மைக்கை முழுவதும் இறக்கிய பின்பும், என் இருமல் மட்டும் எக்கோவாக ஆலயத்தில் உலாவியதன் காரணமும் அதுவே. ஆறு மாதமாக நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தீர்கள் என்பதை நான் அறிவேன்.

விசிலடித்தபோதெல்லாம் என்ன நடந்தது? நூற்றுக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. அங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். ஊதியமில்லை. ஞாயிறு காலை நமக்கெல்லாம் முன்பே வந்து ஒயர் இழுக்கிறான், நாமெல்லாம் போனபின்பு சுருட்டுகிறான். எல்லாம் சரியாய் நடக்கும் நாளில் அவன் அங்கே இருப்பதே நமக்குத் தெரியாது. அந்தத் தலைகளில் எத்தனை, அவன் செய்த நன்மைக்காக ஒருமுறையாவது திரும்பியிருக்கின்றன? விசிலுக்குக் காரணம் பெரும்பாலும் மேடையில்தான் இருந்தது. நாம் பாட்டுக்குப் பயன்படுத்தும் கார்டியாய்டு வகை மைக், முன்னால் வருவதை நன்கு கேட்கும். தன் பின்புறத்தில் வருவதை ஏறக்குறையக் கேட்காது. ஆகவே மானிட்டர் பெட்டி மைக்கின் பின்புறத்துக்கு நேராக இருக்க வேண்டும். நம் மேடையில் அவை பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பக்கவாட்டில் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. போதாததற்கு, இளைஞர் சிலர் சினிமா மேடைகளில் கண்டபடி மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடுகிறார்கள். அப்படிப் பொத்தினால் மைக்கின் திசையறியும் தன்மையே கெட்டு, நாலாபுறமும் கேட்கத் தொடங்கிவிடும். இன்னொன்று: திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், விசில் வராமல் நாம் உயர்த்தக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. பாடகர் குழுவுக்கு நான்கு மைக் போதாது, எட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினோமே, அன்றே நாம் இந்த விலையைக் கொடுத்துவிட்டோம்.

இனி எக்கோவுக்கு வருகிறேன். இங்கேதான் உங்களில் பலர் என்மேல் வருத்தப்படுவீர்கள்.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபம் பயனற்றுக் கிடந்தது. பேசுவது எதுவும் விளங்கவில்லை. அதைச் சீர்செய்யும்படி வாலஸ் கிளெமென்ட் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஓசை எழுந்து அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். வெறும் மண்டபத்தில் அது ஐந்து நொடிக்கும் மேலாக நீடித்தது. மெத்தைகள் கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. கட்டடத்தின் கனஅளவு கூடினால் எதிரொலி நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்னும் விதி அவ்வாறு கண்டறியப்பட்டது. ஆலயக் கட்டடத்தைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

நம் ஆலயத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள். உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், கல் தரை, மர இருக்கைகள். மெத்தென்ற பொருள் ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாத வேளையில் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். இந்தக் கட்டடமே ஒரு ரிவெர்ப் பெட்டி. நம் முன்னோர் அதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவைத்துப் போயிருக்கிறார்கள். அதற்குள்ளே இன்னொரு கற்பனை ஆலயத்தின் எதிரொலியை மிக்சரில் உருவாக்கி ஊற்றுவது, சர்க்கரைப் பொங்கலில் தேனையும் பாகையும் மேலும் ஊற்றுவது போன்றது. பேச்சுக்கு ஏறத்தாழ ஒரு நொடி எதிரொலியே தாராளம். அதற்கு மேல் போனால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடுகிறது. அந்தத் தாயாருக்குச் சத்தம் கேட்டு வார்த்தை கேட்காததன் இரகசியம் இதுதான். ஒலியை இன்னும் உயர்த்தினால் வாலும் கூடவே உயரும். தலை அப்போதும் மூடியே இருக்கும்.

எஃபெக்ட்டே கூடாது என்று நான் விதிக்கவில்லை. மைக்கின் வழியாக வரும் தனிக்குரல் வறண்டு ஒலிப்பதுண்டு. அளவோடு சேர்த்தால் பாட்டோடு இசைந்துபோகும். எதிரொலி நீடிக்கும் நேரத்தைக் குறுக்கி, குரலுக்கும் எதிரொலிக்கும் நடுவே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கோ முப்பதில் ஒரு பங்கோ இடைவெளி விட்டு, எதிரொலியின் கீழ் ஓசைகளை வெட்டிவிட்டால் சொற்கள் முன்னே நிற்கும். அதை மானிட்டர்களுக்கு அனுப்பவே வேண்டாம். பாட்டு முடிந்த அந்தக் கணமே எஃபெக்ட்டுகள் அனைத்தையும் ஒரே பொத்தானால் மூடும்படி மியூட் குரூப் ஒன்று அமைத்திருக்கிறோம். வேதபாடத்துக்கும் பிரசங்கத்துக்கும் அறிவிப்புகளுக்கும் அது மூடியே இருக்கும்.

“எக்கோ இல்லாவிட்டால் அபிஷேகம் குறைந்தது போல் இருக்கிறதே” என்று ஒரு சகோதரர் என்னிடமே கேட்டார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதியும் எனக்கில்லை. சென்ற ஆண்டு உபவாசக் கூடுகையில், ஜெபத்தின் முடிவுக்கு வரும்போது தம்பியைப் பார்த்து, எக்கோவைக் கூட்டும்படி விரலால் சைகை காட்டியவன் நானே. கீபோர்டும் மெல்ல எழுந்தது. சிலர் கண்ணீர் விட்டார்கள். அக்கண்ணீர் எதனால் வந்தது என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன், உறங்க முடியவில்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை முழுதும் வாசியுங்கள். குழலும் சுரமண்டலமும் எக்காளமும்கூட விளங்க ஒலிக்க வேண்டும் என்று வாதிடுகிறார். விளங்காத பதினாயிரத்தைவிட விளங்கும் ஐந்தையே தேர்ந்துகொள்கிறார். அச்சபையார் ஊக்கம் குறைந்தவர்கள் அல்லர், ஊக்கம் மிகுந்தவர்கள். அவர்களுக்கே அவ்வாறு எழுத வேண்டியிருந்தது.

இளைஞர்கள் காதுக்குள் மாட்டும் இன்-இயர் மானிட்டர் வேண்டும் என்கிறார்கள். மேடை இரைச்சல் குறையும் என்பதால் இதை நான் வரவேற்கிறேன். பெரிய ஒலிபெருக்கிக்கான தொகையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். ஆனால் இரண்டு காதும் அடைபட்ட பாடகருக்குச் சபை பாடுவதே கேட்காது. தம் குரலோடு தனித்திருந்து ஆராதனை நடத்துவார். ஆகையால் சபையை நோக்கி ஒரு மைக் வைத்து, அதன் ஒலியை அவர்கள் காதுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். இது என் நிபந்தனை. ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடும் பழக்கமும் வேண்டாம். கழற்றிய காதில் விழும் இரைச்சலோடு போட்டியிட, மாட்டிய காதில் ஒலியை உயர்த்திக்கொண்டே போவீர்கள். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம். நம் துதி வேளை அதைவிட நீளமானது. கைப்பேசியிலிருந்தே அவரவர் கலவையை மாற்றிக்கொள்ளும் வசதியைப் பற்றியும் கேட்டீர்கள். பயிற்சியில் பயன்படுத்துங்கள். ஆராதனையில், ஜெபத்தின் நடுவே தலைகுனிந்து “என் சத்தத்தை”த் தேடும் விரல்களை நான் பார்க்க விரும்பவில்லை.

கமிட்டிக்கு என் விடை இது. காணிக்கை திரட்ட வேண்டாம். பீடத்துக்குப் பின்னுள்ள சுவருக்குக் கனத்த திரைச்சீலையும், மேடைக்கு ஒரு தடித்த கம்பளமும் வாங்குவோம். பாடகர் குழுவின் மைக்குகளை நான்காகக் குறைப்போம். மைக்குகளின் கெயின் அளவைப் பயிற்சியிலேயே தீர்மானித்துவிட்டு, ஆராதனை தொடங்கிய பின் அதை எவரும் தொடாதிருப்போம். அந்த ஒன்றைத் திருகினால் எல்லாச் சட்டிகளிலும் ஒரேயடியாக உப்பு கூடிவிடும். இவற்றைச் செய்து மூன்று மாதம் பார்த்தபின்பும் வார்த்தை விளங்கவில்லையென்றால், விண்ணப்பத்தில் முதல் கையொப்பம் என்னுடையதாக இருக்கும்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பாடகர் குழுவும் வாத்தியக்காரரும் ஆலயத்துக்கு வாருங்கள். எல்லா மானிட்டர்களையும் முழுவதும் இறக்கிவிட்டுத் தொடங்குவோம். முதலில் குரல் மட்டும். பின்பு ஒவ்வொருவராகச் சேர்ப்போம். ஒருவர் தம் ஒலியைக் கூட்டச் சொல்லும் முன், வேறு ஒன்றைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்பது அன்றைய ஒழுங்கு. அது முடிந்ததும் நான் பிரசங்க பீடத்தில் நின்று மறுநாள் வேதபாடத்தை வாசிப்பேன். அந்தத் தாயார் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பார். விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் கையை உயர்த்தும்படி கேட்டிருக்கிறேன். முதலில் தயங்கினார்; பிறகு, “தப்பா நெனைக்கமாட்டீங்கன்னா வர்றேன் ஐயா” என்றார்.